நிறம் பிரித்தறியாத நெசவாளி மகன்: ஜான் டால்டன்

தறி ஓடும் ஊர்களில் நிறம்தான் பிழைப்பு. நம் தென்னேரி, காஞ்சிபுரம் பக்கங்களில் அரக்கு நூலுக்குப் பதில் பச்சை நூலை எடுத்துக் கொடுக்கும் சிறுவனுக்குத் திட்டு விழும். கவனமில்லாத பிள்ளை என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு நெசவாளி மகனின் வாழ்வை அறிந்துகொள்வோம்.

ஜான் டால்டன் 1766-ல் வட இங்கிலாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கைத்தறி நெசவாளி. எளிய வாழ்வை வலியுறுத்தும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பன்னிரண்டு வயதிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய இவர், 1793-ல் மான்செஸ்டர் நகருக்கு ஆசிரியராகச் சென்றார். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அணுக் கொள்கை இவருடையது.

1792-ல் ஒரு நாள், பகலில் நீலமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்தது அவருக்கு. மற்றவர்கள் அப்படியொரு மாற்றத்தைக் காணவில்லை. அவருடைய அண்ணனுக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்தது. குறை குடும்பத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். டால்டன் அதை மறைக்கவில்லை. 1794-ல் மான்செஸ்டர் அறிஞர் சபையில் கட்டுரையாகவே படித்தார்.

தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமானது, அதுவே காரணம் என்று அவர் எண்ணினார். தாம் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கும்படியும் சொல்லிவைத்தார். 1844-ல் அவர் மறைந்ததும் மருத்துவர் சோதித்தார். திரவம் தெளிவாக இருந்தது, அவர் கணிப்பு தவறிப்போனது. ஆனால் பாதுகாக்கப்பட்ட அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. பச்சையை உணரும் நிறமிக்குரிய மரபணு அவரிடம் இல்லை.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், தாய்க்குக் குறை தெரியாமலே மகனுக்கு வரலாம். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

சிகிச்சைக்கு வழி காட்டியவை வாயில்லா ஜீவன்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத இரண்டு அணில் குரங்குகளின் விழித்திரையில் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித மரபணுவைச் செலுத்தினர். சில மாதங்களில் அவை அந்நிறங்களைப் பிரித்தறிந்தன. 2009-ல் இது வெளியானது. ஒரு குரங்கின் பெயர் டால்டன்!

பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் வேறொரு பரம்பரை நோயில் இந்த வழி மனிதர் வரை வந்துவிட்டது. நாய்களுக்குப் பார்வை திரும்பிய செய்தி 2001-ல் வெளியானது. அதே மரபணுக் குறையுள்ள மனிதர்களுக்கான மருந்தை 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. நிறக்குருடுக்கு அத்தகைய மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

ஆனால் சோதனை எளிது. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் படித்துவிடலாம். தாய்வழித் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ இக்குறை இருந்தால், மகனைப் பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே காட்டுவோம். ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்குத் தயாராகி, மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பப்படும் ஏமாற்றத்தையாவது அவனுக்குத் தவிர்க்கலாம்.