விம்பிள்டனின் குரலாக வாழ்ந்த டேன் மாஸ்கல்

டென்னிஸ் போட்டியைப் பார்க்கும்போது நம் கண் ஆட்டக்காரர்கள்மீதுதான் இருக்கும். வலைக்கு அருகே குனிந்து ஓடிப் பந்து பொறுக்கும் பையன்களை யாரும் கவனிப்பதில்லை. அப்படி ஓடிய ஒரு பையன்தான், பின்னாளில் நாற்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மக்களுக்கு விம்பிள்டன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் விளக்கிச் சொன்னவர். அவர் பெயர் டேன் மாஸ்கல்.

1908 ஏப்ரல் 11ஆம் நாள் லண்டனின் ஃபுல்ஹம் பகுதியில் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது. செல்வக் குடும்பம் இல்லை. ஆனால், சற்றுத் தொலைவில் வசதி படைத்தவர்கள் ஆடும் குவீன்ஸ் கிளப் இருந்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அங்கே பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்தார். நாள் முழுதும் நல்ல ஆட்டத்தை அருகில் நின்று பார்க்கும் வேலை அது. பார்த்தார், பழகினார், சில ஆண்டுகளில் மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர் ஆகிவிட்டார்.

அங்கேதான் ஒரு கதவு அவருக்கு மூடியது. இன்றைய மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அக்காலத்தில் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். டென்னிஸைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினாலே ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர். போட்டியில் அவருக்கு இடமில்லை. கையில் காசுள்ளவன் விளையாட்டுக்காக ஆடலாம், வயிற்றுப்பாட்டுக்காக ஆடுபவன் வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் பொருள். என் பார்வையில், நேர்மை என்ற பெயரில் இருந்த வர்க்க வேலி அது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று தனிப் போட்டிகள் நடந்தன. அவற்றில் மாஸ்கல் 1928 முதல் 1951 வரையிலான காலத்தில் பதினாறு முறை பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டம் பெற்றார். 1929இல், இருபத்தொரு வயதில், விம்பிள்டன் போட்டியை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் அவரைத் தன் முதல் தொழில்முறைப் பயிற்றுநராக அமர்த்தியது. விம்பிள்டன் திடலில் அவர் நாள்தோறும் ஆடினார். ஆனால் விம்பிள்டன் போட்டியில் ஒருநாளும் ஆடவில்லை.

பயிற்றுநராக அவர் செய்தது சிறிதன்று. 1912க்குப் பிறகு டேவிஸ் கிண்ணத்தை எட்டிப்பிடிக்க முடியாமல் தவித்த பிரிட்டிஷ் அணிக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். ஃபிரெட் பெர்ரி, பன்னி ஆஸ்டின் ஆகியோர் இருந்த அந்த அணி, 1933இல் பாரிசுக்கே சென்று பிரான்சை 3-2 என வீழ்த்தியது. 1936 வரை நான்கு ஆண்டுகள் கிண்ணம் கை மாறவில்லை. அதன்பின் பிரிட்டன் அதை மறுபடி வெல்ல 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் சேர்ந்து, காயமுற்ற வீரர்களின் உடல்நலத்தை மீட்டெடுக்கும் பணியைச் செய்தார். அதற்காக அரசு விருதும் கிடைத்தது.

1949இல் பிபிசி வானொலி அவரை அழைத்தது. மேக்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒவ்வோர் அடியையும் மின்னல் வேகத்தில் வர்ணிப்பார். இடைவேளையில் மாஸ்கல் நுணுக்கத்தை விளக்குவார். இரண்டு ஆண்டுகளில், அதாவது 1951இல், அவர் தொலைக்காட்சிக்கு மாறினார். வானொலியும் தொலைக்காட்சியும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். வானொலியில் பேச்சு நின்றால் ஆட்டமே நின்றது போல ஆகிவிடும். தொலைக்காட்சியிலோ பார்ப்பவருக்கும் கண் உண்டு. பந்து போய்வந்துகொண்டிருக்கும்போது பேசினால் அது இடையூறு. மாஸ்கல் இதை விரைவில் புரிந்துகொண்டார். பந்து ஓய்ந்த பிறகு ஓரிரு சொற்கள். சில சமயம் அதுவும் இல்லை. நல்ல அடி ஒன்று விழுந்தால் அவரிடமிருந்து ஒரு சிறிய வியப்பொலி வரும். நாளடைவில் நகைச்சுவை நடிகர்கள் அதைப் பேசிக் காட்டும் அளவுக்கு அது புகழ்பெற்றது. மணி அடிக்கும்வரை நிறுத்தாமல் பேசினால்தான் மதிப்பெண் என்று பேச்சுப் போட்டிகளில் பழகிய நமக்கு, இந்த மௌனம் கொஞ்சம் பயிற்சி தேவைப்படும் கலை!

அவர் சொன்னது குறைவு என்றாலும், அதன் பின்னால் பெரும் அனுபவம் இருந்தது. ஓர் ஆட்டக்காரர் ஏன் வலைக்கு முன்னேறத் தயங்குகிறார், காலை எங்கே தவறாக வைத்தார் என்பதெல்லாம் பல்லாண்டு பயிற்சி தந்தவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தமிழரான ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை முன்னேறியது மாஸ்கல் வர்ணனை செய்துவந்த அந்தக் காலத்தில்தான். ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களைக் கடிந்து பேச அவருக்கு மனம் வராது. காரசாரமான விமர்சனத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அவர் வர்ணனை சற்றுச் சப்பென்று இருந்திருக்கும்.

மூடிய கதவைத் திறக்க உதவியதும் தொலைக்காட்சிதான். 1967இல் பிபிசி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதையொட்டி விம்பிள்டன் திடலில் எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதும் போட்டி நடந்தது. ராட் லேவர் வென்றார். அரங்கு நிறைந்த கூட்டம். மறு ஆண்டே விம்பிள்டன் அனைவருக்கும் பொதுவான போட்டியாயிற்று. அப்போது மாஸ்கலுக்கு வயது அறுபது. இளைஞராக இருந்தபோது அவருக்கு மறுக்கப்பட்ட திடலில், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் இறங்கி ஆடுவதை வர்ணனைக் கூண்டிலிருந்து அவர் நாட்டுக்குச் சொன்னார்.

சொந்த வாழ்வில் பெரும் துயரங்கள் வந்தன. 1970இல் மகன் விமான விபத்தில் மாண்டார். 1979இல் மனைவி நீரில் மூழ்கி இறந்தார். மறு ஆண்டு கோடையில், போர்க்கும் மெக்கன்ரோவும் மோதிய இறுதி ஆட்டம் வந்தது. நான்காவது செட்டின் சமன்முறிவு 18-16 வரை நீண்டது. ஐந்தாவது செட்டில் போர்க் வென்றார். எழுபத்திரண்டு வயது மாஸ்கல் அப்போதும் தம் இடத்தில் இருந்தார்.

1929 முதல் 1991 வரை விம்பிள்டன் போட்டியில் ஒரு நாளைக்கூட அவர் தவறவிடவில்லை. 1991இல் மைக்கேல் ஸ்டிச், போரிஸ் பெக்கரை வென்று வெற்றியாளர் ஆனார். அதுவே மாஸ்கலின் கடைசி விம்பிள்டன். அடுத்த ஆண்டு போட்டி அவர் குரல் இல்லாமல் நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தம் 84ஆம் வயதில் அவர் காலமானார்.