எரிமலை ஏறிய சுரங்க அதிகாரி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் சென்னையிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர், தினமும் பரங்கிமலையைக் கடந்து போகிறார்கள். சுமார் 300 அடி உயரமுள்ள குன்று அது. 1802-ம் ஆண்டு கோடையில் அதன் பக்கத்தில் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, எஃகுச் சங்கிலியை நீட்டி ஏழரை மைல் தூரம் நிலத்தை அளந்தார். இந்தியாவை அளக்கும் பெரிய வேலை அங்கேதான் தொடங்கியது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் பிறகு தெரிய வந்தது அந்த வேலையினால்தான்.

அதே 1802-ம் ஆண்டு, உலகத்தின் மறுபக்கத்தில், தென் அமெரிக்காவில், ஒரு ஜெர்மானியர் சிம்பொராசோ என்ற எரிமலையில் ஏறிக் கொண்டிருந்தார். உலகத்திலேயே உயரமான மலை அதுதான் என்று அன்று படித்தவர்கள் நம்பியிருந்தார்கள். அவர் பெயர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்.

ஹம்போல்ட் 1769-ல் பெர்லின் நகரில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயது முடிவதற்குள் தந்தை இறந்து விட்டார். தாயார் கண்டிப்பானவர், மகன் சர்க்கார் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தூர தேசங்களைப் பார்க்க ஆசை. ஆனாலும் தாய் சொல்லைத் தட்டவில்லை. சுரங்க அதிகாரி ஆனார். பூமிக்கு அடியில் கெட்ட காற்றில் மூச்சு முட்டி வேலை செய்த தொழிலாளிகளைப் பார்த்தார். அவர்களுக்காகப் புது விதமான விளக்கும், மூச்சு விட உதவும் கருவியும் செய்தார். தொழிலாளிகள் படிக்கத் தன் கைப்பணத்தில் பள்ளிக்கூடம் வைத்தார். நம் தொழிற்சாலைப் பகுதி வாசகர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும், அந்த மனிதரைப் பிடித்துப் போவதற்கு!

1796-ல் தாயார் காலமானார். பெரும் சொத்து கைக்கு வந்தது. ஹம்போல்ட் வேலையை ராஜினாமா செய்தார்.

மலை ஏறும் முன்

உடனே கப்பல் ஏறிவிட முடிந்ததா? இல்லை. இத்தாலியில் உள்ள வெசுவியஸ் எரிமலையைப் பார்க்க நினைத்தார், யுத்தம் குறுக்கிட்டது. எகிப்துக்குப் போக நினைத்தார், அங்கும் யுத்தம். பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் உலகம் சுற்ற ஏற்பாடு செய்தார். அந்தப் பயணம் தள்ளிப் போயிற்று. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. கருவிகளை வாங்கினார். ஐரோப்பிய மலைகளில் ஏறி, அவற்றால் அளந்து பழகினார். முக்கியமான கருவி பாரமானி. கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருக்கும். கடற்கரையில் அது சுமார் 30 அங்குலம் நிற்கும். மேலே போகப் போகக் காற்றின் பளு குறையும், பாதரசமும் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, எவ்வளவு உயரம் ஏறினோம் என்று கணக்குப் போடலாம். கீழே விழுந்தால் உடைந்து விடும். கைக்குழந்தையைப் போலத்தான் தூக்கிப் போக வேண்டும்!

கடைசியில் ஸ்பெயின் ராஜா அனுமதி கொடுத்தார். 1799 ஜூன் மாதம், நண்பர் போன்ப்ளானுடன் ஹம்போல்ட் கப்பல் ஏறினார். வழியில் டெனெரீஃப் தீவின் எரிமலையில் ஏறினார். 1802 ஜனவரியில் கிட்டோ நகரம் சேர்ந்தார். அந்த ஊரே 9,000 அடிக்கு மேல் இருக்கிறது. சுற்றிலும் பனி மூடிய எரிமலைகள். அங்கே சுமார் ஐந்து மாதம் தங்கினார். பிச்சிஞ்சா எரிமலையில் ஒருமுறை மயங்கி விழுந்தார். இன்னொரு முறை, பள்ளத்தின் மேல் படிந்திருந்த பனியை நல்ல தரை என்று நினைத்து அதன் மேல் நடந்து, மயிரிழையில் தப்பினார்.

இன்று உயர்ந்த மலைக்குப் போகிறவர்கள், முதலில் கொஞ்ச உயரத்தில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்குகிறார்கள். பிறகு சிறிய மலைகளில் ஏறிப் பார்க்கிறார்கள். ஹம்போல்ட் கிட்டோவில் செய்தது ஏறக்குறைய அதுதான்.

ஜூன் 23-ம் தேதி சிம்பொராசோவில் ஏறினார்கள். பனி தொடங்கும் இடத்துக்கு மேல் கூலியாட்களில் பெரும்பாலோர் வர மறுத்து விட்டார்கள். நான்கு பேர் மட்டும் மேலே போனார்கள். பாதை ஒரு சாணுக்கும் குறைவான அகலம். ஒரு பக்கம் வழுக்கும் பனிச் சரிவு, மறு பக்கம் பாறைப் பள்ளம். கையுறை கிடையாது. கூரிய பாறையைப் பிடித்துக் கை கிழிந்தது. ஈறிலிருந்து ரத்தம் வந்தது, கண் சிவந்தது, தலை சுற்றியது. அங்கும் பாரமானியை நிறுத்திப் பார்த்தார் ஹம்போல்ட்! பாதரசம் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. உயரம் சுமார் 19,300 அடி என்று கணக்கிட்டார். அவ்வளவு உயரம் ஏறியிருக்க மாட்டார் என்று சொல்பவர்களும் உண்டு.

எதிரே அகலமான பிளவு. தாண்ட வழி இல்லை. சிகரத்துக்கு இன்னும் ஆயிரம் அடிக்கு மேல் இருந்தது. கற்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொண்டு இறங்கினார். வழியில் ஆலங்கட்டி மழை, பிறகு பனி. சிகரத்தை 1880-ல்தான் விம்பர் என்ற ஆங்கிலேயர் எட்டினார்.

கம்பெனி மறுத்தது

ஹம்போல்ட் 1804-ல் ஐரோப்பா திரும்பினார். புத்தகம் அச்சிடுவதிலேயே சொத்தெல்லாம் கரைந்தது. இதற்குள் இந்தியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இமயமலைச் சிகரங்கள் சிம்பொராசோவைவிடப் பல ஆயிரம் அடி உயரமாம்! அவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்று துடித்தார். பிரஷ்ய ராஜா செலவுக்குப் பணம் ஒதுக்கினார். லண்டனுக்குப் பல முறை போனார். நம் நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. ஸ்பெயினின் ஆட்சியில் தென் அமெரிக்க மக்களும் அடிமைகளும் படும் பாட்டை அவர் எழுதியிருந்தார். நம் கதையையும் எழுதி விடுவார் என்று கம்பெனி பயந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

அறுபதாவது வயதில் ரஷ்யா வழியாக அல்டாய் மலை வரை போய்ச் சீன எல்லையைத் தொட்டார். இமயமலையைப் பார்க்காமலே, 1859 மே 6-ம் தேதி தொண்ணூறு வயதுக்குச் சில மாதம் இருக்கும்போது பெர்லினில் காலமானார். அந்த வருஷம் வரையப்பட்ட அவருடைய படம் ஒன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நரைத்த தலையுடன் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சிம்பொராசோ தெரிகிறது.