அவுட் ஆஃப் ஃபோகஸ் பாட்டி



கம்ப்யூட்டர் லேபில் போட்டோஷாப் திறந்தவுடன் நாம் எல்லாரும் செய்கிற முதல் வேலை என்ன? சொந்த பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துப் போட்டு, ஃபில்டர் மெனுவுக்குள் போய் காஸியன் ப்ளர் அடிப்பதுதானே! அப்புறம் கொஞ்சம் செபியா, ஓரங்களில் கொஞ்சம் இருட்டு.... ஆஹா, ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டோம்! இதே மங்கல் வித்தையை 1864-லேயே ஒரு கோழிக்கொட்டகைக்குள் நின்றுகொண்டு செய்து காட்டிய ஒரு பாட்டியின் கதை இது. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். (கேமரா பிடித்தவருக்குக் கேமரூன் என்று பெயர் அமைந்தது தற்செயல்தான்!)

பிறந்தது நம் நாட்டில்தான். 1815 ஜூன் 11, கல்கத்தா. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கூடப்பிறந்த சகோதரிகள் எல்லாரும் அழகிகள் என்று ஊரே பேசியது. ஜூலியா மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பிற்காலத்தில் அழகு அழகு என்று அவர் பைத்தியமாக அலைந்ததற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1836-ல் உடம்பு தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். சில்வர் உப்பை ஹைப்போ கரைக்கும் என்று 1819-லேயே கண்டுபிடித்தவர். நாம் இன்றும் சொல்கிற நெகடிவ், பாசிடிவ் என்ற சொற்களைப் போட்டோ உலகத்துக்குக் கொடுத்தவர். இன்னொருவர் சார்லஸ் ஹே கேமரூன், ஜூலியாவைவிட 20 வயது மூத்த வக்கீல். இலங்கைப் பாடப்புத்தகங்களில் கோல்புரூக் - கேமரூன் கமிஷன் என்று வருகிறதே, அந்தக் கேமரூன்தான்! இருவருக்கும் 1838-ல் கல்கத்தாவில் கல்யாணம். சார்லஸ் இலங்கை மலையில் காப்பித் தோட்டங்கள் வாங்கிப் போட்டார். 1848-ல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860-ல் வைட் தீவில் கவிஞர் டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிக் குடியேறினார்கள். வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள்: டிம்போலா.

கதை உண்மையில் தொடங்குவது 1863 டிசம்பரில். கணவர் தோட்டம் பார்க்க இலங்கை போயிருந்தார். மூத்த பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். அம்மா தனியாக இருக்கிறாரே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. நம் வீடுகளில் அந்த வயதில் ரிமோட்டைப் பிடிக்கவே பயப்படுகிறார்கள்! இவரோ நிலக்கரி போடும் அறையை டார்க் ரூம் ஆக்கினார். கோழிகளைத் திறந்துவிட்டுக் கண்ணாடி பதித்த கொட்டகையை ஸ்டூடியோ ஆக்கினார்.

அது என்ன சாதாரண வேலையா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் பிடித்து, ஓடிப்போய் டெவலப் செய்ய வேண்டும். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விரல் எல்லாம் கறுத்தது, மேஜைத் துணி எல்லாம் கறையானது. ஒரு மாதம் தகடு தகடாய் வீணானது. 1864 ஜனவரி கடைசியில் அக்கம்பக்கத்துச் சிறுமி ஆனி ஃபில்பாட் அசையாமல் உட்கார்ந்தாள். படம் விழுந்தது! தம் முதல் வெற்றி என்று அவரே அதைக் குறித்து வைத்தார்.

இனிதான் விஷயமே. லென்ஸைத் திருப்பும்போது படம் தெளிவாவதற்கு முன்பே, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மற்ற போட்டோகிராபர்கள் கோட்டுப் பட்டன் எண்ணுகிற அளவு கூர்மைக்குப் பாடுபட்ட காலம் அது. விடுவார்களா? போட்டோ சங்கத்துப் பத்திரிகையில் கிழி கிழி என்று கிழித்தார்கள். ஃபோகஸ் செய்யத் தெரியாத பெண்பிள்ளை, தகட்டில் கைரேகை, கீறல், தூசி.... எல்லாம் உண்மைதான். ஆனால் கீறலைக் காட்டித் திட்டியவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த முகத்தைக் கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்ப்போம், நமக்குப் பிடித்த பாடமாயிற்றே! லென்ஸை முழுக்கத் திறந்து, பெரிய தகட்டில், முகத்தை நெருங்கி எடுத்தார். அதனால் தெளிவு விழும் ஆழம் ரொம்பக் குறைவு. கண் தெளிந்தால் காது மங்கும். உட்கார்ந்தவர் சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விட்டால்கூட ஓரம் கலங்கும். அதாவது அவர் மங்கல் இடத்துக்கு இடம் மாறும். நாம் அடிக்கிற காஸியன் ப்ளர் படம் முழுக்க ஒரே சீராகப் பூசிவிடுகிறது. அதனால்தான் நம் படம் கண்ணாடியில் எண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது!

அவர் பாணி வேண்டுமா? படத்தை இன்னொரு லேயராக எடுத்து அதை மட்டும் மங்கலாக்குங்கள். லேயர் மாஸ்க் போட்டு, மெல்லிய பிரஷால் கண்ணையும் உதட்டு ஓரத்தையும் திறந்துவிடுங்கள். (போட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994-ல், மூன்றாம் பதிப்பில்தான்.) கறுப்பு வெள்ளை ஆக்கும்போது சும்மா டீசாச்சுரேட் அமுக்காதீர்கள். கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஆகவே சேனல் மிக்ஸரில் ப்ளூ சேனலை மட்டும் வையுங்கள். தோலின் புள்ளியும் சுருக்கமும் கருத்து எழும்பி, முகம் 1860-களுக்குப் போய்விடும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். அதை எந்த ஃபில்டரும் பிறகு சரிசெய்து தராது, எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1867-ல் ஹெர்ஷலை எடுத்தார். தலையைக் கழுவி முடியைப் பறக்கவிடச் சொன்னாராம்! இருட்டிலிருந்து அந்த வெள்ளை முடியும் கண்ணும் மட்டும் எழுந்து வருகின்றன. டார்வினும் டென்னிசனும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் பெரிய மனிதர்கள் அளவுக்கு வேலைக்காரப் பெண்களும் அவர் படங்களில் இருக்கிறார்கள். மேரி ரயான் என்ற ஐரிஷ் சிறுமி பிச்சை எடுக்க வந்தவள். ஜூலியா வீட்டில் வளர்ந்தாள். கண்காட்சியில் அவள் படத்தைப் பார்த்த ஹென்றி காட்டன் அவளையே தேடி வந்து 1867-ல் மணந்தார். யார் இந்தக் காட்டன்? 1904-ல் நம் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அதே சர் ஹென்றி காட்டன்! சினிமாக்காரர்கள்கூட இப்படி எழுதமாட்டார்கள்.

டென்னிசனின் ஆர்தர் ராஜா கவிதைகளுக்கு 1874-ல் படம் எடுத்தபோது, ஏரிக்குத் தண்ணீராக மஸ்லின் துணியை விரித்தார். நிலாவை நெகடிவிலேயே கீறினார். எடிட்டிங்தானே அது?

புகழ் வந்தது, பணம் வரவில்லை. இலங்கையில் 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்து, தோட்ட வருமானம் சரிந்துகொண்டே போனது. 1875-ல் எண்பது வயதுக் கணவரோடு, பிள்ளைகள் இருந்த இலங்கைக்கே கப்பல் ஏறினார். சாமான்களோடு ஒரு பசுமாடும் இரண்டு சவப்பெட்டிகளும் போனதாகச் சொல்கிறார்கள். அங்கே வெயிலில் தகடு சட்டென்று காய்ந்தது, ரசாயனம் சுலபமாகக் கிடைக்கவில்லை. 12 வருஷத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தவரிடமிருந்து இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன.

அந்தப் படங்களை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1877-ல் வந்த ஓவியர் மேரியன் நார்த் படத்தில் பெயர் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களும் தோட்டத்து ஆட்களும் நிற்கும் படங்களிலோ களுத்துறைக் குடியானவர்கள் என்கிற மாதிரிப் பொதுத் தலைப்புதான். நம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்தும் தோணியேறியும் போய் அந்தக் காப்பியைப் பறித்தவர்களின் காலம் அது. வேலைக்காரி மேரிக்குப் பெயர் எழுதிய கை இங்கே ஏன் எழுதவில்லை? இவ்வளவு பிடித்துப்போன பாட்டியிடம் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இது.

1879 ஜனவரி 26-ல் மலைநாட்டுத் தோட்டத்தில் இறந்தார். அடுத்த வருஷம் கணவரும் போனார். பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் சர்ச் வளாகத்தில், இப்போது தேயிலையாகிவிட்ட மலைகளுக்கு நடுவே, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.