ஸ்கேன் படத்துக்குள்ளே ஒரு ஜி.என்.ராமச்சந்திரன்!

கனகம்மாசத்திரத்துல பைக்ல இருந்து விழுந்து தலையில் அடிபட்ட நண்பரை, திருவள்ளூருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போறீங்கன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்குத் தெரிவது கறுப்பு, வெள்ளை, சாம்பல். கம்ப்யூட்டருக்கோ ஒவ்வொரு சாம்பலும் ஒரு எண். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. தண்ணீர் நிரப்பிய உருளையை மெஷினில் வைத்துத்தான் இந்த அளவைச் சரிபார்ப்பாங்க. உள்ளே இருப்பது நீரா, ரத்தமா? எண் தப்பினால் சிகிச்சையே மாறிடும்.

அந்த எண்ணுக்கான கணக்கில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார். ஜி.என்.ராமச்சந்திரன், 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். சர் சி.வி.ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். கொலாஜன் புரதத்தின் மூன்று இழை முறுக்கை உலகுக்குச் சொன்னது இங்கிருந்துதான். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போனார்.

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே பதிவுகளை அப்படியே ஒண்ணுமேல ஒண்ணு பரப்பினால் படம் கலங்கிடும். ஓரம் மங்கும், எண்ணும் கெடும். இதைச் சரிசெய்யும் ஃபூரியர் கணக்கு அன்றைய கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய சுமை. பரப்புறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பதிவையும் பெருக்கல், கூட்டலால் சலிச்செடுக்கலாம்னு ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971 செப்டம்பரில் எழுதினாங்க. அடுத்த மாசமே லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு தனியாக உருவாக்கிய ஸ்கேனரில் முதல் நோயாளி! 1979 நோபல் அவருக்கும் கார்மாக்குக்கும் போச்சு.

ராமச்சந்திரன் 2001-ல் சென்னையில் மறைந்தார். இன்னிக்கும் மேட்லாப் மென்பொருளில் இப்படிப் படம் கட்டும்போது, நீங்க எதையும் தேர்ந்தெடுக்காட்டி தானா வந்து நிற்பது 'ராம்-லாக்' ஃபில்டர்தான்.