கல்லில் ஒளி கண்ட லோசெவ்

நம்ம லேபில் பிரெட்போர்டு மேல சின்னதா ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிஞ்சா போதும், சர்க்யூட் ஒர்க் ஆகுதுன்னு துள்ளிக் குதிக்கிறோம். அந்தத் துளி வெளிச்சத்துக்குப் பின்னால், பட்டினியால் இறந்துபோன ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் ஓலெக் லோசெவ்.

1903 மே 10 அன்று ரஷ்யாவின் ட்வேர் நகரில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே ரேடியோ பைத்தியம்! பள்ளிப்படிப்பு முடிந்ததும் நிஸ்னி நோவ்கோரத் ரேடியோ ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? கடிதம், சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடி வேலை. ஓய்வு நேரத்தில்தான் ஆராய்ச்சி.

1922 ஜனவரியில் சிங்கைட் என்னும் துத்தநாக ஆக்சைடு படிகத்தின் மேல் ஊசியை வைத்து மின்சாரம் செலுத்தினார். அந்தக் கல் அலைவுகளை உண்டாக்கியது, சிக்னலைப் பெருக்கியும் காட்டியது. வால்வு இல்லாமலே ஆம்ப்ளிஃபயர்! டிரான்சிஸ்டர் வந்ததோ 1947ல். அந்த 1922 ஜனவரியில் லோசெவுக்கு வயது 18. நம்ம வயசுதான்!

அடுத்து, கிரைண்டிங் வீல் செய்யப் பயன்படும் கார்போரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு. அதில் ஊசி தொட்ட இடத்தில் மங்கலாக ஒளி தெரிந்தது. 1907லேயே இங்கிலாந்தின் ஹென்றி ரவுண்ட் இதைப் பார்த்து, ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். லோசெவ் அத்தோடு விடவில்லை. சூட்டினால் ஒளிர்கிறதா என்று பார்க்க, ஒளிரும் இடத்தில் பென்சின் துளியை விட்டார். அது வேகமாக ஆவியாகவில்லை. அப்படியானால் இது பல்பு மாதிரி சூடேறி எரியும் ஒளி இல்லை, குளிர்ந்த ஒளி! ஐன்ஸ்டீன் விளக்கிய ஒளிமின் விளைவு தலைகீழாக நடக்கிறது என்று அவர் கருதினார். 1927ல் கட்டுரை வெளியிட்டார். இந்த ஒளியைச் செய்தி அனுப்பப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்.

இன்று நாம் படிப்பது இதுதான்: குறைகடத்தியில் எலெக்ட்ரான் ஹோலோடு சேரும்போது, மிச்சமாகும் சக்தி ஒளியாக வருகிறது.

நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதிய பிறகு, 1938ல் ஆய்வேடு இல்லாமலேயே முனைவருக்கு நிகரான பட்டம் அவருக்குக் கிடைத்தது. லெனின்கிராடு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். 1941ல் ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிட்டது. ரொட்டிக்கும் வழியில்லாத அந்தக் குளிரில், 1942 ஜனவரி 22 அன்று, 38 வயதில் பசியால் உயிர்விட்டார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹொலோனியாக் செய்தது 1962ல். அதைப் பார்க்க லோசெவ் இல்லை.

கதை அதோடு முடியலை. எல்.இ.டி.யில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் தன்பாட்டுக்கு ஒளி விடுகிறது. ஒளியலையின் நீளத்தைவிட நெருக்கமாக அடுக்கி வைத்தால் பல அணுக்கள் ஒரே தாளத்தில் ஒளி விடும் என்று 1954ல் ராபர்ட் டிக்கி கணக்குப் போட்டார். பத்து சேர்ந்தால் உச்ச ஒளி பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு! ஆனால் அவ்வளவு சீக்கிரம் அணைந்தும் விடும். எலெக்ட்ரானை மிகச் சிறிய இடத்தில் அடைத்து வைக்கும் குவாண்டம் புள்ளியை, 1980களின் தொடக்கத்தில் கண்ணாடிக்குள் கண்டவர் அலெக்ஸி எகிமோவ். எந்த ஊரில்? அதே லெனின்கிராடில்! 2023ல் அவருக்கு நோபல் பரிசு. இப்படிப்பட்ட நுண்படிகங்களை வரிசையாக அடுக்கி, அவை கூட்டாக ஒளி விடுவதை 2018ல் விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு ஊரில் கேட்கிறாங்க. உங்களையும் கேட்டிருப்பாங்க. இனிமே லோசெவ் கதையைச் சொல்லுங்க. கல் அவரிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. உற்றுப் பார்த்தவருக்கு ஒளி காட்டியது. நம்ம லேபும் திறந்துதான் இருக்கு, நண்பர்களே!