பாஸ்கராச்சாரியரும் கரணிக் கணக்கும்

கணித மேதை பாஸ்கராச்சாரியர் கி.பி. 1114ஆம் ஆண்டில், சகியாத்திரி மலையை அடுத்த ஊர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் மகேசுவரரே அவருக்கு ஆசிரியராகவும் விளங்கினார். பாஸ்கரர் தமது 36ஆம் வயதில் 'சித்தாந்த சிரோமணி' என்னும் பெருநூலை இயற்றினார். அதன் ஒரு பகுதியே 'பீஜகணிதம்'.

வர்க்கமூலம் முழுமையாக அமையாத எண்ணை வடமொழிக் கணித நூல்கள் 'கரணி' என்று குறிக்கும். √2, √8 ஆகியவற்றைக் கூட்டினால் √10 வரும் என எண்ணுவது பிழையாகும். இவற்றைக் கூட்டும் முறையைப் பாஸ்கரர் தம் நூலில் விளக்கினார். 2, 8 ஆகியவற்றின் கூடுதல் 10, பெருக்கற்பலன் 16. பதினாறின் வர்க்கமூலம் 4. அதன் இருமடங்கு 8. இந்த 8ஐ முன்னைய 10உடன் கூட்டினால் 18. எனவே விடை √18. இன்று நாம் √8ஐ 2√2 என எழுதி, √2உடன் கூட்டி, 3√2 என்று பெறும் விடையும் இதுவே. ஆனால் 3, 7 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 21க்கு முழுமையான மூலம் இல்லை. ஆதலால் √3, √7 ஆகியவற்றை ஒன்றாக்காமல் தனித்தனியே வைத்தல் வேண்டும் என்றும் அவர் கற்பித்தார்.

முதுமையிலும் அவரது உழைப்பு ஓயவில்லை. 69ஆம் வயதில் 'கரண குதூகலம்' என்னும் வானியல் நூலை இயற்றினார். பிற்காலத்தில் அவருடைய பேரர் சங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு கல்விச்சாலையை நிறுவினார். மகாராட்டிரத்தின் பாட்டண் என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகிறது.