சிரிக்க வைத்த கல்கி

பொன்னியின் செல்வனையும் சிவகாமியின் சபதத்தையும் படித்தவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றை எழுதிய கல்கி முதலில் பெயர் வாங்கியது நகைச்சுவைக் கட்டுரைகளால்தான். அதை இன்று பலர் மறந்துவிட்டோம்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம் கிராமத்தில் பிறந்தார். திருச்சியில் படிக்கும்போது காந்திஜியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, 1921-இல் பள்ளிப் படிப்பை விட்டார். மறு வருடம் ஓராண்டு சிறை. வெளியே வந்ததும் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1928-இல் வாசன் ஆனந்த விகடனை வாங்கி நடத்த ஆரம்பித்திருந்தார். அதற்கு 'ஏட்டிக்குப் போட்டி' என்ற கட்டுரையை கிருஷ்ணமூர்த்தி அனுப்பினார். வாசனுக்குப் பிடித்துப்போய், தொடர்ந்து எழுதச் சொன்னார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் மதுவிலக்குக்காக 'விமோசனம்' இதழில் உழைத்தார். 1930-இல் மறுபடியும் சிறை. 1931-இல் விகடனின் ஆசிரியப் பொறுப்புக்கு வந்தார்.

அவர் கண்ணில் படாதது எதுவும் இல்லை. ரயில் பயணம், அரசியல் கூட்டம், சினிமா என்று எதைப் பற்றி எழுதினாலும் படிப்பவர் சிரித்துக்கொண்டே யோசிப்பார். 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதினார். ராகம் தெரியாதவருக்கும் புரிகிற தமிழ் அது. பெரிய வித்வான் என்பதற்காகக் குறையை மறைக்கமாட்டார். மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற கட்சியில் நின்று பலருடைய கோபத்தையும் சம்பாதித்தார்.

இதையெல்லாம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எழுதியவர் இல்லை. 1941-இல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்க, நல்ல விற்பனையில் இருந்த விகடன் வேலையை விட்டு, தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து மூன்றாம் முறை சிறை போனார். திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து அதே ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான பணத்துக்காகவே எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நடித்தார்.

அந்தப் பத்திரிகையில்தான் சிவகாமியின் சபதம் வந்தது. அதில் வரும் மகேந்திர பல்லவரும் நகைச்சுவைக்காரர்தான். கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, குடிபோதையில் காஞ்சித் தெருக்களில் சண்டை பிடிக்கும் காபாலிகனை வைத்து 'மத்தவிலாசம்' என்ற நாடகத்தை எழுதியவர். தம் காலத்துச் சாமியார்களையே கேலி செய்த ராஜா. அவரைக் கல்கிக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1954 டிசம்பர் 5-ஆம் தேதி, 55 வயதில் கல்கி காலமானார். 'அலை ஓசை' நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது 1956-இல், அவர் மறைந்த பிறகே கிடைத்தது.

அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நாவல்களை முடித்தவர்கள் கட்டுரைகள் பக்கமும் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள்.